அல்புமின் குறைந்தால் புரதம் சாப்பிட்டால் போதுமா?

பரிசோதனை முடிவுத் தாளில் 'அல்புமின் 2.8' என்று தடித்த எழுத்தில் அச்சாகி, பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறியும் இருந்துவிட்டால் வீட்டில் எழும் பேச்சு ஒன்றுதான்: "சரியாகச் சாப்பிடுவதில்லை, அதனால்தான் புரதம் இறங்கிவிட்டது." அடுத்த நாளே புரதப் பொடி டப்பா ஒன்று வந்துவிடும். அக்கறையில் செய்வதுதான். ஆனால் அந்த எண் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. கல்லீரலைப் பற்றியும், சிறுநீரகத்தைப் பற்றியும், உடலில் எங்கோ நடந்துகொண்டிருக்கும் அழற்சியை (தொற்றுக்கோ காயத்துக்கோ உடல் காட்டும் எதிர்வினையை) பற்றியும் சொல்வதுதான் அதிகம். இது தெரியாமல் வாரக்கணக்கில் பொடியைக் கரைத்துக் குடித்துக்கொண்டே, உண்மையான காரணத்தைத் தேட வேண்டிய நாட்களைத் தொலைத்துவிடும் அபாயம் இருக்கிறது. அதனால்தான் இதை முதலிலிருந்து விளக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ரத்தத்தில் இருப்பது எந்தப் புரதம்?

ரத்தத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானது அணுக்கள். மீதி, வைக்கோல் நிறத் திரவமான பிளாஸ்மா. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 3 லிட்டர் பிளாஸ்மா ஓடுகிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். எஞ்சியதில் பெரும்பகுதி புரதம். ஒவ்வொரு டெசிலிட்டரிலும், அதாவது 100 மில்லிலிட்டரிலும், 6 முதல் 8 கிராம் வரை இருக்கும்.

சாப்பிட்ட புரதம் அப்படியே ரத்தத்தில் வந்து கலந்தது என்று இதை நினைத்துவிடக் கூடாது. உணவிலுள்ள புரதம் குடலில் அமினோ அமிலங்களாக உடைகிறது. அவை உறிஞ்சப்பட்டு முதலில் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் அவற்றைக் கோத்துத் தனக்கு வேண்டிய புரதங்களைப் புதிதாகச் செய்து ரத்தத்தில் விடுகிறது. தொற்றை எதிர்க்கும் எதிர்ப்பொருள்களை மட்டும் வெள்ளணு வகையைச் சேர்ந்த பிளாஸ்மா செல்கள் செய்கின்றன. ஆகவே ஆய்வகம் அளப்பது உடல் தானே தயாரித்த சரக்கை. எவ்வளவு தயாராகிறது, எவ்வளவு வெளியே போகிறது, எவ்வளவு தண்ணீரில் கலந்திருக்கிறது என்ற மூன்றையும் பொறுத்தே அந்த எண் அமைகிறது. மூலப்பொருளான உணவு இதில் ஓர் அங்கம் மட்டுமே.

இந்தப் புரதங்களில் பாதிக்கு மேல் அல்புமின் என்ற ஒற்றைப் புரதம். அது 585 அமினோ அமிலங்களாலான சங்கிலி. கல்லீரல் அதை நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை செய்கிறது. அதன் முதல் வேலை தண்ணீரை ரத்தக் குழாய்க்குள் பிடித்துவைப்பது. நுண்குழாய்களின் சுவர் வழியே தண்ணீரும் உப்பும் தாராளமாக வந்துபோகும். அல்புமின் அவ்வளவு எளிதில் போகாது. உள்ளேயே தங்கும் அல்புமின் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறது. இதயம் தரும் அழுத்தம் தண்ணீரை வெளியே தள்ளுகிறது, புரதம் உள்ளே இழுக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் திசுக்களில் எவ்வளவு நீர் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

1896ஆம் ஆண்டு இதை எடுத்துக்காட்டியவர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர். நாயின் பின்னங்காலில் உப்புக் கரைசலைச் செலுத்தினால் அது ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ளப்பட்டது. அதே காலில், ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் புரதம் நிறைந்த திரவமான சீரத்தைச் செலுத்தினால் அப்படி நடக்கவில்லை. தண்ணீரை இழுப்பது ரத்தத்திலுள்ள புரதம்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. புரதம் தரும் இந்த இழுவிசையில் முக்கால் பங்குக்கும் மேல் அல்புமின் ஒன்றே தருகிறது.

அல்புமின் மிகவும் குறையும்போது கால் வீங்குவது இதனால்தான். மாலையில் கணுக்காலுக்கு மேலே, முன் எலும்பின்மீது கட்டைவிரலைச் சில விநாடிகள் அழுத்தி எடுத்துப் பார்த்தால் விரல் பதிந்த இடத்தில் குழி நிற்கும், மெதுவாகத்தான் நிரம்பும். காலுறையின் விளிம்பு தோலில் ஆழமாகப் பதிந்திருப்பதும் அதே அடையாளம்தான். குழி விழுந்தாலே அல்புமின் குறைவு என்று அர்த்தமில்லை. இதயம் பலவீனமானாலும், காலின் நாளங்கள் பழுதானாலும், சில ரத்த அழுத்த மாத்திரைகளாலும் இதே வீக்கம் வரும்.

வீக்கத்துக்கு அல்புமின் குறைவுடன் வேறு காரணங்களும் சேர வேண்டும் என்பதற்கு விந்தையான ஆதாரம் ஒன்று உண்டு. பிறவியிலேயே அல்புமின் அறவே இல்லாத மனிதர்களை 1954 முதல் மருத்துவம் அறிந்திருக்கிறது. உலகில் மிகச் சிலரே அப்படி இருக்கிறார்கள். அவர்களின் உடல் மற்றப் புரதங்களை அதிகமாகச் செய்து ஈடுகட்டிக்கொள்கிறது; அவர்களில் பலருக்குக் காலில் இலேசான வீக்கத்துக்கு மேல் பெரிய தொல்லை இருப்பதில்லை.

அல்புமினின் இரண்டாவது வேலை சுமப்பது. தண்ணீரில் கரையாத கொழுப்பு அமிலங்கள், மஞ்சள் காமாலைக்குக் காரணமான பிலிருபின், சில ஹார்மோன்கள், வார்ஃபரின், ஃபெனிட்டாயின் போன்ற மருந்துகள் எல்லாம் அதன்மீது ஒட்டிக்கொண்டு பயணம் செய்கின்றன. ரத்தத்திலுள்ள கால்சியத்தில் ஏறக்குறைய 40 சதவீதமும் அப்படியே. இதனால் ஒரு நடைமுறைச் சிக்கல் வருகிறது. அல்புமின் குறைவாக உள்ளவரின் மொத்தக் கால்சியமும் தாளில் குறைவாகத் தெரியும். உடலுக்கு உண்மையில் பயன்படும் கால்சியம் சரியாகவே இருக்கலாம். அல்புமின் 4 கிராமிலிருந்து ஒரு கிராம் குறையும்போதெல்லாம் கால்சிய அளவுடன் 0.8 மில்லிகிராம் கூட்டிப் பார்க்கும் பழைய வழக்கம் இதற்காக வந்ததுதான். ஃபெனிட்டாயின் சாப்பிடும் வலிப்பு நோயாளிக்கு அல்புமின் இறங்கினால், ஒட்டாமல் திரியும் மருந்தின் பங்கு கூடி, வழக்கமான அளவே அவரைத் தள்ளாட வைக்கலாம்.

அல்புமின் போக மீதியை மொத்தமாகக் குளோபுலின் என்கிறார்கள். 1937இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் ஆர்னே டிசேலியஸ், மின்புலத்தில் புரதங்கள் வெவ்வேறு வேகத்தில் நகர்வதைப் பயன்படுத்தி அவற்றைப் பிரித்துக் காட்டினார். அல்புமினுக்குப் பின்னால் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று வரிசையாகக் கூட்டங்கள் தெரிந்தன. 1948இல் அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் பீட்டா கூட்டத்தைச் சேர்ந்தது. தொற்றை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் காமா கூட்டத்தைச் சேர்ந்தவை. ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜன் தனி. ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் சீரத்தில் அது இருக்காது. வழக்கமான பரிசோதனை சீரத்தில் செய்யப்படுவதால் அந்தக் கணக்கிலும் வராது.

தாளை எப்படிப் படிப்பது?

வழக்கமான வரம்புகள் இவை: மொத்தப் புரதம் டெசிலிட்டருக்கு 6.0 முதல் 8.3 கிராம், அல்புமின் 3.5 முதல் 5.0 கிராம், குளோபுலின் ஏறக்குறைய 2.0 முதல் 3.5 கிராம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும். உங்கள் தாளில் அச்சிட்டிருக்கும் வரம்பையே பாருங்கள்.

சீரத்துடன் காரத்தன்மையுள்ள செப்புக் கரைசலைச் சேர்த்தால் ஊதா நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு மொத்தப் புரதம். அல்புமினுக்கு அதனுடன் ஒட்டி நிறம் மாறும் ஒரு சாயம் இருக்கிறது. குளோபுலினைப் பொதுவாக யாரும் தனியாக அளப்பதில்லை; முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்து எழுதிவிடுகிறார்கள். அல்புமினைக் குளோபுலினால் வகுத்தால் வருவதுதான் தாளின் கடைசி வரியிலுள்ள ஏ/ஜி விகிதம். அது வழக்கமாக 1-க்கு மேல் இருக்கும்.

இந்தக் கழித்தல் கணக்கைப் புரிந்துகொண்டால் ஒரு பெரிய பொறியில் விழாமல் தப்பலாம். ஒருவரின் மொத்தப் புரதம் 7.2 என்று வைத்துக்கொள்வோம். வரம்புக்குள் இருப்பதால் அம்புக்குறி எதுவும் இருக்காது. தாளைப் புரட்டுகிறவர் "புரதம் நார்மல்" என்று நிம்மதி அடைவார். அடுத்த வரியில் அல்புமின் 2.6. கழித்தால் குளோபுலின் 4.6, விகிதம் 0.57. கல்லீரல் தளர்ந்து அல்புமின் இறங்கியிருக்கிறது, நாட்பட்ட நோயால் எதிர்ப்பொருள்கள் ஏறியிருக்கின்றன. ஒன்றின் இறக்கத்தை மற்றதன் ஏற்றம் மறைத்துவிட்டது. கல்லீரல் இறுகிப்போகும் சிரோசிஸ் நோயில் அடிக்கடி பார்க்கும் தோற்றம் இது. மொத்தப் புரதம் என்ற வரியை மட்டும் நம்புவது ஆபத்து என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ரத்தம் எடுக்கும் விதமும் எண்ணை அசைக்கும். நெடுநேரம் நின்றுகொண்டிருந்தவரின் ரத்தத்தில் நீர் திசுக்களுக்குள் இறங்கிப் புரதம் சற்றுச் செறிவாகத் தெரியும். படுத்திருந்தவரிடம் குறைவாகத் தெரியும். கையில் ரப்பர் பட்டையை நெடுநேரம் இறுக்கிக் கட்டியிருந்தாலும் எண் ஏறும். எனவே 3.4-க்கும் 3.6-க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு இரவெல்லாம் தூங்காமல் இருக்க வேண்டியதில்லை.

அல்புமின் எங்கே போகிறது?

குறைவு என்று தெரிந்தவுடன் கேட்க வேண்டியது "என்ன சாப்பிட்டாய்?" என்பதை அல்ல, "எங்கே போயிற்று?" என்பதைத்தான்.

கல்லீரல் செய்யாமல் விட்டிருக்கலாம். அதற்கு நோய் நெடுநாளாக இருந்திருக்க வேண்டும். ரத்தத்தில் இன்று இருக்கும் அல்புமினில் பாதி மறைய ஏறக்குறைய 20 நாட்கள் ஆகும். அதனால் போன வாரம் தொடங்கிய மஞ்சள் காமாலையில் அல்புமின் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சிரோசிஸின் கடுமையைக் கணிக்கப் பயன்படும் சைல்ட்-பியூ அளவுகோலில் அல்புமினும் ஓர் அங்கம், 2.8-க்குக் கீழே போனால் அதிக மதிப்பெண், அதாவது மோசமான நிலை.

சிறுநீரில் ஒழுகியிருக்கலாம். சிறுநீரக வடிகட்டி நலமாக இருந்தால் அல்புமின் மிகச் சிறிதளவே தப்பிப் போகும். வடிகட்டி பழுதாகும்போது பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதத்தை இழக்க நேரிடலாம்; அதை நெஃப்ரோடிக் நோய்க்குறி என்கிறார்கள். குழந்தைகளுக்கும் இது வருவதுண்டு. காலையில் எழுந்ததும் கண் இமைகள் உப்பியிருக்கும், சிறுநீரில் நுரை நிற்கும். இழப்பை ஈடுகட்டக் கல்லீரல் உற்பத்தியைக் கூட்டும்போது கொழுப்பைச் சுமக்கும் புரதங்களும் கூடிவிடுவதால் கொலஸ்டிராலும் எகிறும். இந்த நோயில் அதிகப் புரதம் ஊட்டினால் ரத்த அல்புமின் ஏறுவதில்லை, சிறுநீரில் ஒழுகுவதுதான் கூடுகிறது. நல்லெண்ணத்துடன் கொடுக்கும் பொடி இங்கே நேரடியாகத் தீங்கு செய்யக்கூடும்.

நீரிழிவு உள்ளவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ரத்தத்தில் அல்புமின் இறங்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். சிறுநீரில் அல்புமின் தென்படுவது அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடும். சிறுநீரில் அல்புமினுக்கும், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்று ஆண்டுதோறும் பார்ப்பது அதற்காகத்தான்.

குடல் வழியாகவும், தீக்காயங்களின் வழியாகவும் இழக்கலாம். நீர்த்துப்போயும் குறையலாம்: கர்ப்ப காலத்தில் பிளாஸ்மாவின் அளவே பெருகுவதால் அல்புமின் செறிவு குறைவது இயல்பு. மருத்துவமனையில் பாட்டில் பாட்டிலாக டிரிப்ஸ் ஏற்றியவருக்கும் குறையும்.

ஆனால் மருத்துவமனைப் படுக்கைகளில் அல்புமின் குறைவுக்கு மிகப் பரவலான காரணம் அழற்சி. நிமோனியா, பெரிய அறுவை சிகிச்சை, புற்றுநோய், ரத்தத்தில் பரவிய தொற்று என எது வந்தாலும் உடல் தன் முன்னுரிமையை மாற்றிக்கொள்கிறது. நோயெதிர்ப்பு அணுக்கள் விடும் சமிக்ஞைகளுக்குக் கட்டுப்பட்டு, கல்லீரல் அல்புமின் தயாரிப்பைக் குறைத்துச் சி-ரியாக்டிவ் புரதம் போன்றவற்றைச் செய்யத் தொடங்குகிறது. கூடவே நுண்குழாய்களின் சுவர் தளர்ந்து, இருக்கும் அல்புமினும் திசுக்களுக்குள் கசிகிறது. டெங்குவின் ஆபத்தான கட்டத்தில் பிளாஸ்மா கசிந்து அல்புமின் இறங்குவதும் இத்தகைய கசிவால்தான். நோயாளி நேற்றுவரை வயிறாரச் சாப்பிட்டவராக இருந்தாலும், ஓரிரு நாட்களிலேயே அல்புமின் 4-இலிருந்து 3-க்குக் கீழே வரலாம்.

பட்டினியும் அல்புமினும்

அப்படியானால் ஊட்டக்குறைவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் எதிர்பார்ப்பதைப்போல நேராக இல்லை. கடும் பட்டினியால் எலும்பும் தோலுமாகிப்போன மராஸ்மஸ் நிலைக் குழந்தைக்கு அல்புமின் பெரும்பாலும் இயல்பை ஒட்டியே இருக்கும். உடல் தன் தசையைக் கரைத்து அமினோ அமிலங்களைக் கல்லீரலுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எண் நன்றாக இருக்கிறது, தசை போய்க்கொண்டிருக்கிறது. உணவைத் தவிர்த்து எடை மிக மோசமாக இறங்கிய அனோரெக்சியா நோயாளிகளிடமும் இதையே காண்கிறோம்.

இதற்கு மாறாக, இன்று கானா எனப்படும் கோல்ட் கோஸ்டில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1933இல் விவரித்த குவாஷியார்கர் நோயில் குழந்தையின் காலும் முகமும் வீங்கியிருக்கும், அல்புமின் மிகவும் குறைந்திருக்கும். புரதமில்லாத உணவே இதற்குக் காரணம் என்று நெடுநாள் நம்பப்பட்டது. அது ஒன்றே காரணமா என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. தொற்றுகளுக்கும் இதில் பங்கு இருப்பதாகப் பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பட்டினி கிடக்கும் இரு குழந்தைகளில் ஒன்றின் அல்புமின் இயல்பை ஒட்டியும் மற்றதன் அல்புமின் தாழ்ந்தும் இருக்கும் என்றால், அந்த எண்ணை வைத்து ஊட்டத்தை அளக்க முடியாது என்பது விளங்கும்.

மருத்துவ ஊட்டவியலாளர்களும் இந்த முடிவுக்கே வந்திருக்கிறார்கள். அல்புமினையோ, இரண்டு மூன்று நாட்களில் பாதியாகக் குறையும் பிரீஅல்புமினையோ ஊட்டக்குறைவின் அளவீடாகப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் ஆஸ்பென் என்ற மருத்துவ ஊட்டவியல் அமைப்பு தன் நிலைப்பாட்டை வெளியிட்டிருக்கிறது. இவை அழற்சியின் அடையாளங்கள், நோய் எவ்வளவு கடுமையானது என்பதைச் சொல்பவை. ஊட்டக்குறைவை அறிய வேறு வழிகள் உள்ளன: கடந்த ஆறு மாதங்களில் முயற்சி இல்லாமலே எடை குறைந்ததா, சாப்பாடு பாதியாகிவிட்டதா, தோள்களிலும் தொடையிலும் தசை ஒட்டிப்போயிருக்கிறதா, கைப்பிடியில் வலு இருக்கிறதா. இவற்றைப் பார்க்க ரத்தம் எடுக்கவே தேவையில்லை. அல்புமின் 4.2 என்ற எண்ணைக் காட்டி, பத்துக் கிலோ இளைத்த முதியவரை "நலமாக இருக்கிறார்" என்று வீட்டுக்கு அனுப்புவது, குறைந்த அல்புமினுக்குப் பொடி கொடுப்பதற்குச் சற்றும் குறையாத தவறு.

நலமாக உள்ள பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் அளவில் நாள்தோறும் புரதம் வேண்டும்; 60 கிலோ எடையென்றால் 48 கிராம். முதியோருக்கும் நோயிலிருந்து தேறுபவர்களுக்கும் இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். போதுமான அளவு சாப்பிடுபவர் மேலும் சாப்பிட்டால் அல்புமின் 4.3-இலிருந்து 5-க்கு ஏறப்போவதில்லை. மிகுதியை உடல் எரிசக்தியாக்கி, அதிலுள்ள நைட்ரஜனை யூரியாவாக்கி வெளியேற்றிவிடும். டயாலிசிஸ் தொடங்காத நாட்பட்ட சிறுநீரக நோயாளிக்கு மருத்துவர் புரதத்தை மட்டுப்படுத்தச் சொல்லலாம். சிரோசிஸ் நோயாளிக்கு நேர்மாறு: புரதத்தைக் குறைக்கும் பழைய வழக்கம் கைவிடப்பட்டு, இப்போது கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை பரிந்துரைக்கிறார்கள். அது தசையைக் காப்பாற்றுவதற்காக. அல்புமின் எண்ணை உயர்த்துவது அதன் நோக்கம் அல்ல.

எண் ஏறினால்?

அல்புமின் அதிகம் என்று வந்தால் விளக்கம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: உடலில் நீர் குறைந்திருக்கிறது. வாந்தி, பேதி, போதிய தண்ணீர் குடிக்காமை. நீர் சேர்ந்ததும் எண் இறங்கிவிடும்.

குளோபுலின் ஏறியிருந்தால் அப்படி விட்டுவிட முடியாது. காசநோய், எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி, தன்னுடல் தாக்கு நோய்கள் போன்றவற்றில் பலவகை எதிர்ப்பொருள்கள் ஒருங்கே கூடும். மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோயிலோ பிளாஸ்மா செல்களின் ஒரே கிளை பெருகி, ஒரே வகைப் புரதத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். மொத்தப் புரதம் 9.8, அல்புமின் 3.4 என்று வந்தால் இடைவெளி 6.4. இத்தகைய தாளைக் கண்டதும் மருத்துவர் எலக்ட்ரோஃபோரசிஸ் சோதனை எழுதித் தருவார். டிசேலியஸின் முறையிலிருந்து வளர்ந்த சோதனைதான் அது. பலவகை எதிர்ப்பொருள்கள் கூடியிருந்தால் காமா பகுதியில் அகலமான மேடு தெரியும்; ஒரே வகை என்றால் கூம்பாக ஒரு முனை எழும். முதுகுவலி, காரணம் தெரியாத ரத்தசோகை, உயர்ந்த கிரியாட்டினின் ஆகியவற்றுடன் இந்த இடைவெளியும் சேர்ந்திருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

அல்புமின் ஊசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குறைந்ததை நேராக நரம்பில் ஏற்றிவிட்டால் என்ன என்று பல குடும்பங்கள் கேட்கின்றன. மகோதரத்தால் பெருத்த வயிற்றிலிருந்து 5 லிட்டருக்கு மேல் நீரை எடுக்கும்போதும், அந்த நீரில் தொற்று ஏற்படும்போதும் அது உண்மையிலேயே உயிர்காக்கும் மருந்து. எண்ணைச் சரிசெய்வதற்காக மட்டும் ஏற்றினால் காரணம் அப்படியே இருக்கும். ஏற்றியதும் அதே ஓட்டை வழியாக ஒழுகிவிடும். விலையும் அதிகம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இந்த ஒரு தாளை மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள். பழைய தாள்களையும் சேர்த்துக் கட்டுங்கள். ஐந்து ஆண்டுகளாக 3.4-இலேயே நிற்கும் அல்புமினும், ஆறு மாதத்தில் 4.4-இலிருந்து 3.4-க்கு இறங்கிய அல்புமினும் ஒன்றல்ல. சிறுநீரில் அல்புமின் பார்த்தாயிற்றா, கல்லீரல் பரிசோதனையும் ரத்தம் உறையும் நேரமும் எப்படி இருக்கின்றன, சி-ரியாக்டிவ் புரதம் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். இவற்றுக்கு விடை கிடைத்த பிறகு, பொடி வேண்டுமா வேண்டாமா என்பதை அவரே சொல்வார்.